பவுடர் ப்ளூ மீனில் வெள்ளைப்புள்ளி: ரீஃப் தொட்டியிலேயே மருந்து ஊற்றலாமா?

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நாலடி ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, முந்நூறு லிட்டர். லெதர், மஷ்ரூம், சோவான்திட் என்று மென்பவளங்கள், ஒரு கிளீனர் இறால், சில நத்தைகள். மீன் நான்கு: இரண்டு கிளவுன், ஒரு டாம்செல், இரண்டு வாரம் முன்பு சென்னையிலிருந்து வாங்கி வந்த ஒரு பவுடர் ப்ளூ. வந்த ஐந்தாம் நாள் பவுடர் ப்ளூவின் துடுப்பில் உப்புத் தூவினாற்போல் புள்ளிகள். மூன்று நாளில் மறைந்தன. "சரியாகிவிட்டது என்று நினைத்தேன், இப்போது முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்திருக்கிறது, கிளவுனிலும் ஒன்றிரண்டு தெரிகிறது" என்கிறார். பூண்டுச் சாறு கொடு, ஹீட்டரைக் கூட்டு என்று கடையில் சொன்னார்களாம். தொட்டியிலேயே மருந்து ஊற்றலாமா என்பது கேள்வி.

ஊற்றாதீர்கள் தம்பி. ஹீட்டரையும் கூட்டாதீர்கள். நான்கு மீனையும் வெளியே எடுத்து வேறு இடத்தில் குணப்படுத்த வேண்டும், தொட்டியை மீன் இல்லாமல் பதினோரு வாரம் விட வேண்டும். இதைவிடச் சுலபமான வழி எதுவும் எனக்குத் தெரிந்து வேலை செய்ததில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் கணக்கிலேயே விடை இருக்கிறது. புள்ளி வந்தது, மூன்று நாளில் போனது, ஒரு வாரத்தில் பல மடங்காகத் திரும்பியது. இது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரியின் நடை. மரைன் இக் என்று நாம் சொல்வது இதைத்தான். தண்ணீரில் நீந்தும் பருவத்தில் மீனைத் தேடிப் பிடித்துத் தோலுக்கு அடியில் புகுந்துகொள்ளும். மூன்று முதல் ஏழு நாள் அங்கேயே தின்று கொழுக்கும். அந்தக் கொழுத்த நிலைதான் உங்கள் கண்ணுக்குத் தெரிந்த ரவை அளவுப் புள்ளி. வயிறு நிறைந்ததும் அதுவே மீனை விட்டு இறங்கிவிடும், பெரும்பாலும் விளக்கு அணைந்த பிறகு. இறங்கியது சில மணி நேரம் ஊர்ந்து மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொள்ளும். அதற்குள் பிளந்து பிளந்து இருநூறு வரைகூடப் பெருகும். கூடு வெடித்ததும் அத்தனையும் மீன் தேடி நீந்தும். ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும்.

ஆக, புள்ளி மறைந்த அந்த நாட்களில் உங்கள் மீன் குணமாகவில்லை. ஒட்டுண்ணி அதன் உடம்பிலிருந்து உங்கள் மணலுக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். பூண்டு கொடுத்த மூன்றாம் நாள் புள்ளி போனால் பூண்டுக்குப் பெயர் கிடைக்கும். கொடுக்காமல் இருந்திருந்தாலும் போயிருக்கும். நானே இதில் ஏமாந்தவன். என் முதல் தொட்டியில் இப்படித்தான் புள்ளி மறைந்தது, பூண்டு பலித்தது என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். ஒன்பதாம் நாள் இரவு ஐந்து மீனும் பம்ப்பின் அருகே மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. செவுளுக்குள்ளும் புள்ளி இருக்கும், அது வெளியே தெரியாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஒரு மாதத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கோரல் பியூட்டி என்ற மீன் ஒன்று கடைசி நாள் வரை என் விரலைப் பார்த்ததும் தீனிக்கு மேலே வந்தது. அதை இன்னும் மறக்க முடியவில்லை.

ஹீட்டர் யோசனை நன்னீர் மீன் வளர்ப்பிலிருந்து வந்தது. நன்னீர் வெள்ளைப்புள்ளி வேறு உயிரி. சூட்டை முப்பதுக்கு மேல் ஏற்றுவது அங்கே பயன்படும். கடல்நீரில் சூடு ஏறினால் கிரிப்டோகேரியானின் சுற்று இன்னும் வேகமாக ஓடும், தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறையும். செவுள் ஏற்கெனவே புண்ணான மீனுக்கு அது இரட்டைத் தண்டனை. நம் வேலூரில் இதைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் வெளியே நாற்பதைத் தாண்டும்போது, சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டி ஹீட்டர் போடாமலே முப்பத்தொன்று, முப்பத்திரண்டு காட்டும். நீங்கள் செய்ய வேண்டியது இறக்குவது. நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிப் போகிற தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரால் தினமும் ஈடுகட்டுங்கள், இல்லையென்றால் உப்பு ஏறிவிடும். போர்த் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டாம். இந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, உங்களுக்கே தெரியும்.

மருந்தை ஏன் ரீஃப் தொட்டியில் ஊற்றக் கூடாது என்றால், இந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்குக் காப்பர், அதாவது செம்பு மருந்து, போட்டால் இறாலும் நத்தையும் பவளமும் அதற்கு முன்பே போய்விடும். அதோடு முடியாது. லைவ் ராக்கும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் தொட்டிப் பாறை) மணலும் சுண்ணாம்பு வகை. காப்பரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். ஒரு தடவை காப்பர் பட்ட பாறையில் மறுபடி இறால் வளர்ப்பது சந்தேகம்தான். "ரீஃப் சேஃப்" என்று லேபிள் ஒட்டிய புட்டிகள் விற்கிறார்கள். பவளத்துக்குத் தீங்கு செய்யாத அளவு மென்மையானது, மணலுக்குள் கூடு கட்டி உட்கார்ந்திருப்பதையும் ஒன்றும் செய்யாது. அந்தப் பணத்தில் இரண்டு பிளாஸ்டிக் டப் வாங்கிவிடலாம். கிளீனர் இறால் தோலுக்கு அடியில் இருப்பதைப் பிடுங்கித் தின்னாது. யு.வி. விளக்கு தன் குழாய் வழியாக வருவதை மட்டும் கொல்லும். எண்ணிக்கை குறையும், நோய் போகாது.

மீனை எடுக்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: இது உண்மையிலேயே இக் தானா? நான் ஆஸ்பத்திரி லேபில் நெடுநாள் வேலை பார்த்தவன். வீட்டில் ஒரு பழைய மைக்ரோஸ்கோப் இருக்கிறது, அதனால் இந்தப் பழக்கம். ஈரத் துணியில் மீனை மெல்லப் பிடித்து, கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டின் விளிம்பால் புள்ளி இருக்கும் இடத்தில் தலையிலிருந்து வால் பக்கமாக ஒரே ஒரு இழுப்பு. வரும் சளியைத் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டோடு ஸ்லைடில் வைத்துச் சின்ன லென்ஸில் பார்க்க வேண்டும். கிரிப்டோகேரியான் என்றால் கருத்த உருண்டை ஒன்று, ஓரமெல்லாம் மெல்லிய ரோமம் துடிக்க, நிதானமாக உருண்டுகொண்டிருக்கும். அவசரமே இருக்காது. முதல் தடவை பார்த்தபோது என் பேத்தி "தாத்தா, பூமி சுத்தற மாதிரி சுத்துது" என்றாள். பெரிய லென்ஸில், அதிர்ஷ்டம் இருந்தால், உள்ளே நாலு மணி கோத்தாற்போல் உட்கரு தெரியும். நன்னீர்ப் பூச்சியில் அது குதிரை லாட வடிவில் இருக்கும்.

மைக்ரோஸ்கோப் இல்லாவிட்டாலும் கண்ணால் ஓரளவு பிரிக்கலாம். இக் என்றால் ரவை தூவியது போல, எண்ணிவிடலாம். வெல்வெட் என்ற இன்னொரு நோய் என்றால் சலித்த மைதா மாவைத் தூவியது போல, எண்ண முடியாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மங்கலான பொன் தூசியாகத் தெரியும். வெல்வெட்டுக்குக் காரணம் அமைலூடினியம் என்ற வேறு உயிரி. அது இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்யும். வெளிச்சத்தைக் கண்டு ஒளிவது, வேவ்மேக்கரின் நீரோட்டத்துக்கு நேராக முகத்தை வைத்து நிற்பது, தீனியைத் திடீரென நிறுத்துவது எல்லாம் அதன் அடையாளம். பல தடவை தோலில் ஒன்றும் தெரிவதற்கு முன்பே மீன் போய்விடும். கிளவுனின் உடம்பில் மட்டும் வெள்ளைச் சளி திட்டுத் திட்டாக உரிந்து தொங்கினால் அது புரூக்லினெல்லா என்ற மற்றோர் ஒட்டுண்ணி. காப்பர் அதற்குக் கேட்காது, ஃபார்மலின் குளியல்தான். மீன் பாறையில் உரசுகிறது, கண் மங்குகிறது, புள்ளியே இல்லை என்றால் தட்டைப்புழு இருக்கலாம். அதற்கு பிராசிகுவான்டல்: லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராம், ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை, ஏனென்றால் முட்டையை அது கொல்லாது.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மீனும் ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை செவுளை அசைக்கிறது என்று எண்ணிக் குறித்துவையுங்கள். நாளை அதே நேரம் மறுபடி. எண்ணிக்கை மளமளவென்று ஏறினால் வெல்வெட்டாகவே எடுத்துக்கொண்டு அன்றிரவே வெளியே எடுங்கள், காலை வரை பொறுக்க வேண்டாம். அப்போது உடனடி நிவாரணத்துக்கு நன்னீர்க் குளியல் உண்டு. ஆர்.ஓ. தண்ணீரைத் தொட்டியின் அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, ஆப்பசோடா சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்துத் தொட்டியின் பி.ஹெச். அளவுக்கு ஏற்றி, காற்றுக் கல் ஓட விட்டு, ஐந்து நிமிடம், கண் எடுக்காமல் பக்கத்திலேயே நின்று. மீன் சாய்ந்தால் உடனே திருப்பி எடுத்துவிட வேண்டும். தட்டைப்புழு இருந்தால் இந்தக் குளியலிலேயே வெளுத்து அடியில் உதிரும். நோயைக் கண்டுபிடிக்கவும் இது உதவும். தோலுக்குள் புதைந்த இக்குக்கு மட்டும் இந்தக் குளியலால் பெரிய பலன் இல்லை.

உங்கள் விவரத்தை வைத்துப் பார்த்தால் இக் தான். அதற்கு உங்களுக்கு நான் சொல்வது டப் மாற்றும் முறை. மருந்தே தேவைப்படாதது, கணக்குத் தவறாமல் இருந்தால் போதும். மீனிலிருந்து இறங்கிய ஒட்டுண்ணி கூடு கட்டி வெடிக்கக் குறைந்தது மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளுக்குள் மீனை வேறு சுத்தமான டப்பில் போட்டுவிட்டால் கூடு பழைய டப்பிலேயே கிடக்கும். உடம்பில் மிச்சம் இருப்பது அடுத்த டப்பில் இறங்கும், அதையும் விட்டுவிட்டுக் கிளம்பலாம். லாங்கு பஜாரில் அறுபது லிட்டர் பிளாஸ்டிக் டப் இரண்டு, காற்றுக் கல் இரண்டு, பிளம்பிங் கடையில் மீன் ஒளிய மூன்று அங்குல பி.வி.சி. எல்போ நாலைந்து வாங்குங்கள். முதல் நாள் எல்லா மீனும் முதல் டப்புக்கு. நாலாம் நாள் இரண்டாவதுக்கு, ஏழாம் நாள், பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். எந்த மாற்றமும் 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு மணி நேரம் முன்னதாகச் செய்தால் பாதகமில்லை. பதின்மூன்றாம் நாள் போவது கடைசி இடம்: ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடும் சின்னத் தொட்டி, மீதி வாரங்களுக்கு அங்கேதான் வாசம்.

புது டப்பின் உப்பும் சூடும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபார்த்த பிறகு அளந்து பாருங்கள். வெறும் தண்ணீரில் சுழி பார்த்துவிட்டு நம்புவது போதாது. ஒரு டப்புக்கு ரீஃப் உப்பு இரண்டேகால் கிலோவுக்குக் குறையாமல் ஆகும், வாங்கும்போதே கணக்கிட்டு வாங்குங்கள். மீனை வலையால் தூக்காமல் காய் கழுவும் பிளாஸ்டிக் கூடையில் வளைத்து எடுங்கள், பவுடர் ப்ளூவின் வாலடியில் இருக்கும் முள் வலையில் மாட்டிக் கிழியும். கூடையோடு பழைய தண்ணீர் முடிந்தவரை போகக் கூடாது. மீனைத் தவிர எதுவும் கூடவே போகக் கூடாது: பைப், காற்றுக் கல், ட்யூப், எல்லாம் புது டப்புக்குப் புதிதாக, அல்லது நன்றாகக் காய்ந்ததாக. பழைய டப்பைக் கழுவி மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்தால் நம் ஊர் வெயிலில் ஒரு முழுப் பகல் போதும். கூடு உலர்ந்தால் செத்துப்போகும். தொட்டிக்கு எமனாக இருக்கிற வேலூர் வெயில் இந்த ஓர் இடத்தில் நமக்கு வேலைக்காரன். மூன்று நாளுக்கு ஒருமுறை புதுத் தண்ணீர் என்பதால் அம்மோனியாவும் கட்டுக்குள் இருக்கும், தீனியை மட்டும் கொஞ்சமாகப் போடுங்கள். இன்னொன்று: கடைசித் தொட்டிக்கு வைக்கும் ஸ்பாஞ்ச் உங்கள் நோய்த் தொட்டியின் சம்ப்பிலிருந்து (வடிகட்டி வைக்கும் துணைத் தொட்டி) எடுத்ததாக இருந்தால் பன்னிரண்டு நாள் உழைப்பும் வீண், அதில் கூடு ஒட்டியிருக்கும். புது ஸ்பாஞ்சை, அம்மோனியாவைச் சிதைக்கும் புட்டி பாக்டீரியாவால் தனியாகப் பழக்குங்கள். இன்றைக்கே ஆரம்பித்தால் பதின்மூன்றாம் நாளுக்குள் ஓரளவு தயாராகும். பிறகு சில நாள் அம்மோனியாவை அளந்து, தேவைப்பட்டால் தண்ணீர் மாற்றுங்கள்.

வெல்வெட்டுக்கு இந்த முறை வேலை செய்யாது, அதன் கால அளவே வேறு. அங்கே காப்பர்தான். பாறை, மணல், கார்பன் எதுவும் இல்லாத வெறும் தொட்டியில், எந்தக் காப்பர் என்று பார்த்து, அதற்கு உரிய அளவில். குப்ரமின் என்றால் லிட்டருக்கு அரை மில்லிகிராம். காப்பர் பவர் போன்ற பிணைப்புக் காப்பர் என்றால் இரண்டு முதல் இரண்டரை. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் மீன் சாகும், அல்லது நோய் சாகாது. இக் என்றால் இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏற்றலாம்; அதற்குப் பிறகு முப்பது நாள் ஒரு நாளும் குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஹன்னா டிஜிட்டல் செக்கர் போல நம்பகமாக அளக்கும் கருவி கையில் இல்லாமல் காப்பரைத் தொடாதீர்கள் என்பது என் கண்டிப்பான கருத்து. அம்மோனியா ஏறினால் குப்ரமினோடு அம்மோனியா கட்டும் மருந்தைச் சேர்க்கக் கூடாது, காப்பர் நச்சாகிவிடும். தண்ணீரை மாற்றி, மாற்றிய தண்ணீருக்கும் அதே அளவு காப்பர் சேர்ப்பதுதான் வழி.

இப்போது பெரிய தொட்டி. 76 நாள் மீன் இல்லாமல். ஒரு கூடு 72 நாள் கழித்துக்கூட வெடித்ததாகப் பதிவு உண்டு. அதற்கு மேல் நீந்தும் பருவத்தின் ஆயுளுக்குச் சில நாள் சேர்த்து வந்த கணக்கு. நம் ஊர்ச் சூட்டில் பெரும்பாலானவை அதற்கு வெகு முன்பே வெடித்துவிடும், ஆறு வாரம் போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் நான் 76 நாளை விட்டுக்கொடுப்பதில்லை. ஐம்பதாம் நாள் அவசரப்பட்டால் மிச்சம் பிடிப்பது நாலு வாரம். தவறினால் போவது எல்லா மீனும்.

நான்கு மீன் என்றால் நான்கும். இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பவுடர் ப்ளூவையும் கிளவுனையும் எடுத்துவிட்டு, "டாம்செல் நன்றாகத்தான் இருக்கிறது, பாறைக்குள் ஒளிகிறது, பிடிக்க முடியவில்லை" என்று விட்டுவிடுவார்கள். அந்த ஒரு டாம்செல் போதும், 76 நாளும் ஒட்டுண்ணிக்குச் சோறு போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கும். பாறையை ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீரைப் பாதிக்கு இறக்கியாவது பிடியுங்கள். இரவில் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்தால் அரைத் தூக்கத்தில் ஒரே மூலையில் நிற்கும், அப்போது சுலபம்.

பவளமும் இறாலும் நத்தையும் அங்கேயே இருக்கட்டும், இந்த நோய் அவற்றுக்கு வராது. நாலைந்து நாளுக்கு ஒருமுறை உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்த் தீனி) துளி போட்டால் இறாலும் பிழைக்கும், பாக்டீரியாவும் பட்டினி கிடக்காது. வலை, சைஃபன் குழாய், கழுவாத ஈரக் கை, எதுவும் இங்கிருந்து டப் பக்கம் போகக் கூடாது. முடிந்தால் டப்பை வேறு அறையில் வையுங்கள். ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி), காற்றுக் கல் கிளப்பும் நுண்திவலை வழியாகவும் ஒட்டுண்ணி கொஞ்ச தூரம் பரவலாம். இடையில் புதிதாகப் பவளமோ நத்தையோ வாங்கிப் போட்டால் அதன் ஓட்டில் கூடு ஒட்டி வரலாம், அன்றிலிருந்து மறுபடி முதல் நாள். அப்புறம், கரன்ட் போனால் டப்பில் இருக்கும் நாலு மீனுக்குக் காற்று நிற்கக் கூடாது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், வீட்டு இன்வெர்ட்டரையும் நம்பலாம், இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது.

பவுடர் ப்ளூ பற்றி ஒரு வார்த்தை. நம் இந்தியப் பெருங்கடலின் மீன், அழகுக்கு ஈடில்லை. ஆனால் இது சேர்ந்த சர்ஜன் மீன் குடும்பத்து மீன்களுக்குத் தோலில் சளிப் படலம் மெலிது. இக் வந்தால் முதலில் விழுவது இவைதான். சென்னை கொளத்தூரிலிருந்து பையில் நாலு மணி நேரம் என்.ஹெச். 48-இல் குலுங்கி வந்த பவுடர் ப்ளூவை நேரே ரீஃப் தொட்டியில் விடுவது, எந்தக் கடையில் வாங்கினாலும், பந்தயம்தான். நாலடித் தொட்டி அதற்கு வளர்ந்த பிறகு போதாது என்பதும் என் கருத்து. குணமானதும் இடம் உள்ள ஒருவருக்குக் கொடுப்பதை யோசியுங்கள். கிளவுன் மட்டும் போதும் என்று முடிவு செய்தால் அடுத்த தடவை பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் கிளவுன் இனப்பெருக்க முறையை எப்போதோ வகுத்துக் கொடுத்துவிட்டது, பண்ணைக் குஞ்சுகள் கிடைக்கின்றன. அவை தீனிக்குச் சீக்கிரம் பழகும், நோயும் குறைவாகவே கொண்டுவரும். கல் பவளம் யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்; 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட உயிர். உங்களிடம் இருக்கிற மென்பவளங்களே அந்தத் தொட்டிக்குப் போதும்.

இனி வாங்கும் எந்த மீனும் இதே டப் வரிசை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், நோய் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். டப் இரண்டும் அதற்குக் கிடக்கட்டும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்றைக்குச் சாயங்காலம் உப்புக் கரைத்து வைத்தால் நாளைக் காலை தெளிந்து சூடும் ஒத்துவரும், நாளையே முதல் நாளாக வைத்துக்கொள்ளலாம். காலண்டரில் நாலு, ஏழு, பத்து, பதின்மூன்று என்று இப்போதே வட்டம் போட்டுவிடுங்கள். பெரிய தொட்டிக்கான 76-ஐக் கடைசி மீன் வெளியே வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். டாம்செல் பிடிபட இரண்டு நாள் ஆனால் அந்த இரண்டு நாளையும் சேர்த்துத் தள்ளிக் குறியுங்கள்.